அமெரிக்கக் கல்வி அமைச்சரின் அண்ணன்

காஞ்சிபுரம்
5.9.2023

அன்புத் தங்கை சத்யாவுக்கு,

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நலம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அந்த பேனரை வைத்தது நான்தான். கட்சிக்காரர்கள் வைத்தார்கள், இளைஞர் மன்றத்துப் பையன்கள் வைத்தார்கள் என்று போன வாரம் போனில் சொன்னதெல்லாம் பொய். என் படம் உன் படத்தைவிட ஒரு சாண் பெரிதாக இருக்கும்போது நான் வைக்கவில்லை என்று சொன்னால் நம்புவதற்கு நீ என்ன சின்னக் குழந்தையா?

அதற்கு மறுநாளே வாட்ஸப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். நான் அனுப்புவதெல்லாம் ஒரு டிக்கோடு நிற்கிறது. அதனால்தான் சேலைக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து, முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த ஒரு குடும்பத்தைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, இருபது வருஷத்துக்கு அப்புறம் ஒரு கடிதம் எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறினாற்போல் இருந்தால் பொறுத்துக்கொள்.

ஏன் வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நீ உன் டவுனில் ஸ்கூல் போர்டு தேர்தலில் நிற்கிறாய் என்றதும் இங்கே சந்தோஷம் தாங்கவில்லை. உன் ஊர்ப் பத்திரிகையில் வேட்பாளர்களிடம் கேள்வி கேட்டுப் போட்டிருந்ததை உன் மகள் ஜீவிதா எனக்கு அனுப்பினாள். 'உறவினர்களில் பொதுப் பதவி வகித்தவர்கள் உண்டா?' என்ற கேள்விக்கு உன் பதில்: 'என் தந்தை மாணிக்கவேல், பத்தாண்டு ஊராட்சித் தலைவர். என் அண்ணி செல்லியம்மாள், தற்போதைய தலைவர்.'

அவ்வளவுதான். முற்றுப்புள்ளி.

நான் அதை மூன்று தடவை படித்தேன். அப்பாவுக்கும் அண்ணிக்கும் நடுவில் ஓர் ஆள் இருந்தானே அம்மா? 2011இல் பூட்டுச் சாவி சின்னத்தில் நின்றானே? சரி, பதவி வகிக்கவில்லைதான். ஆனால் வெறும் பதினேழு ஓட்டு வித்தியாசத்தில் தோற்றவனை வாசற்படி வரைக்கும் வந்தவன் என்றாவது சேர்த்திருக்கலாம். அண்ணி ஜெயித்தது பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சி என்பதால். அவள் போஸ்டர் ஒட்டியது யார்? பசை காய்ச்சியது யார்? இரண்டு வருஷமாக ஊராட்சி ஆபீசில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டுவது யார்?

அந்த வயிற்றெரிச்சலோடு ஃபைசல் பாயின் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். "ஸ்கூல் போர்டு மெம்பர்னா இன்னாண்ணா?" என்று கேட்டான். ஸ்கூலுக்கெல்லாம் மேலே இருக்கிற பதவி என்றேன். "அப்ப கல்வி மந்திரின்னு போட்டுறலாமா?" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இவ்வளவுதான் என் பங்கு. 'அமெரிக்கக் கல்வி அமைச்சர் ஆகவிருக்கும் எங்கள் ஊர்த் தங்கமே' என்பது அவன் மூளை. பின்னால் வெள்ளை மாளிகையும் அவன் மூளைதான். நீ அனுப்பியிருந்த படத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தாய். கத்தியோடு நின்றால் நன்றாக இருக்காது என்று வேறொரு அம்மாவின் கும்பிட்ட கைகளை எடுத்து ஒட்டியிருக்கிறான். கையில் எட்டு வளையல் இருந்தால் அது நீ இல்லை.

கீழே வரிசையாக முப்பது முகங்கள் இருக்கின்றனவே, அவர்கள் நம் ஊர்க்காரர்கள். பேனர் என்றால் கீழே முகம் இருக்க வேண்டும் இல்லையா? ஒரு முகத்தை விட்டால் ஒரு வருஷம் பேச மாட்டார்கள்.

கோபம் தணிந்ததும் பிளாக்கை எடு. மாப்பிள்ளை வரதராஜனை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
வெட்கத்தோடும் (கொஞ்சம்) பெருமையோடும்
அண்ணன் வீரபத்திரன்

*

நியூஜெர்சி
20.9.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதல் பக்கத்துக்கு அழுதேன், இரண்டாம் பக்கத்துக்குச் சிரித்தேன். எட்டு வளையல் கைகளைப் பற்றி வரதராஜனுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்து முடிக்கிறவரை சாப்பாடு ஆறிப்போனது.

ஆனால் அண்ணா, நீ வைத்தது சின்ன வேலை இல்லை. கீழே இருந்த முப்பது முகங்களில் ஒருவர் அந்தப் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு என் பெயரையும் இணைத்துவிட்டார். இங்கே எங்கள் டவுன் குழுவில் அது வந்து, யாரோ மொழிபெயர்த்தும் விட்டார்கள். 'பஸ் வேண்டும் என்று கேட்கிறாரே அந்த இந்தியப் பெண், அவருக்குத் தேசத்தின் கல்வித் துறையே வேண்டுமாம்' என்று ஒரு நாள் முழுக்கச் சிரித்தார்கள். சிரிப்பைப் பொறுத்துக்கொள்வேன். அப்புறம் ஒருவர் புகார் எழுதிப் போட்டுவிட்டார். இந்த நாட்டுத் தேர்தலில் வெளிநாட்டுக்காரர் பணம் செலவு செய்யக் கூடாது, அது சட்டம். 'இந்த முப்பது வெளிநாட்டு ஆண்கள் யார்? இவர்கள்தான் நிதி கொடுப்பவர்களா?' என்பது கேள்வி.

ஆட்டுக்காரச் சின்னப்பையன் மாமாவின் முகத்தை வட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள் அண்ணா. அவர் எனக்கு நிதி கொடுக்கிறாராம்.

என்னை எதிர்த்து நிற்பவரைப் பற்றி உனக்குச் சொல்லவில்லையே. கரோலின் ஹாலோவே என்று பெயர். அவருடைய தாத்தா மேயர், பெரியப்பா மாநில செனட்டர், அப்பா நீதிபதி, அத்தை கவுன்ட்டி கிளார்க். நீ சொன்ன அந்தக் கேள்விக்கு நான் இரண்டு வரி எழுதினேன். அவருக்கு ஒரு பத்தி தேவைப்பட்டது. பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்துக்கே அவர் தாத்தா பெயர். அவர்கள் வீட்டு நாய் மட்டும்தான் இன்னும் தேர்தலில் நிற்கவில்லை என்பார் வரதராஜன். கெட்டவர் இல்லை. இந்த ஊரில் பதவி என்றால் அந்த வீட்டைப் பார்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான்.

நான் எதற்கு நிற்கிறேன் என்று நீ கேட்கவே இல்லை, அதனால் நானே சொல்கிறேன். பள்ளியிலிருந்து இரண்டு மைலுக்குள் வீடு இருந்தால் பஸ் கிடையாது என்பது இங்கே விதி. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் அப்பார்ட்மெண்ட்கள் இருக்கின்றன, ஒன்றே முக்கால் மைல். நடைபாதை இல்லை. பனிக்காலத்தில் பிள்ளைகள் சாலையோரத்துப் பனிமேட்டில் ஏறி, லாரிகளுக்குப் பக்கத்தில் நடந்து போகிறார்கள். நான் காரில் போகும்போது பார்க்கிறேன். பார்த்துவிட்டு நேராக வேலைக்குப் போக முடியவில்லை. நம் ஊரில் நிற்காமல் போன பஸ்ஸுக்கு முன்னால் அப்பா துண்டை விரித்து உட்கார்ந்தாரே, அதுதான் ஞாபகம் வருகிறது. எனக்கு இங்கே அப்படி உட்காரத் தைரியம் இல்லை, அதனால் தேர்தலில் நிற்கிறேன்.

அக்டோபர் 19 அன்று நூலகத்தில் வேட்பாளர்கள் கூட்டம். அங்கே பேனரைப் பற்றிக் கேட்பார்கள். பதில் இல்லையென்றால் விலகிவிடு என்று என்னோடு வேலை செய்பவர்களே சொல்கிறார்கள். எனக்கு எழுத்தில் ஏதாவது வேண்டும்: பேனர் இந்தியாவில் இந்தியர்களுக்காக வைத்தது, என்னைக் கேட்காமல் வைத்தது என்று, ஒரு முத்திரையோடு. நீ எழுதாதே. தயவுசெய்து நீ எழுதாதே. அண்ணியை எழுதச் சொல்.

பத்திரிகையில் உன்னைச் சேர்க்காதது மறதி இல்லை, அண்ணா. 'பதவி வகித்தவர்' என்று கேட்டிருந்தார்கள். உனக்கு வலிக்கும் என்று தோன்றவில்லை. அது என் தவறு.

அன்புடன்,
சத்யா

*

காஞ்சிபுரம்
4.10.2023

அன்புத் தங்கைக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். உள்ளே இருக்கும் தாளை முதலில் எடுத்துப் பத்திரமாக வை. அப்புறம் என் கதையைப் படி.

உன் கடிதத்தை உன் அண்ணியிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை ஊராட்சி ஆபீசுக்குக் கிளம்பினாள். நான் வழக்கம்போல் பைக்கை எடுத்தேன். நடந்து போய்க்கொள்கிறேன் என்றாள். நான் பின்னாலேயே பைக்கை உருட்டிக்கொண்டு போனேன்.

ஆபீசில் என் நாற்காலியில் போய் உட்காரப் போனேன். "அங்க உக்காராதீங்க. எதிர்ல வந்து நில்லுங்க," என்றாள். செயலர் பாண்டியன் தலையைக் குனிந்துகொண்டு ஃபைலைப் புரட்டுகிறான். அதில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"பஸ் ஸ்டாப்ல பேனர் வெச்சிக்கினு இருக்கீங்களே, யாரைக் கேட்டு வெச்சீங்க?"

"இன்னா செல்லி, எல்லாம் நம்ம..."

"தலைவரைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை, சத்யா. அவள்தான் தலைவர் என்பது அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு ஞாபகமே வரவில்லை. ஊருக்குள் பேனர் வைக்க வேண்டும் என்றால் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியை அவளுக்குப் படித்துக் காட்டியதே நான்தான். அவள் அதைக் கேட்டு வைத்திருக்கிறாள்.

பேனரை இருபத்து நாலு மணி நேரத்தில் அகற்ற வேண்டும் என்று நோட்டீஸ். முழுக்க அவளே எழுதினாள். நான் ஒரு சொல் எடுத்துக் கொடுக்கப் போனேன்; பாண்டியன் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். 'எனது கணவரும் மேற்படி வேட்பாளரின் அண்ணனுமாகிய வீரபத்திரன் என்பவர், ஊராட்சியின் அனுமதியோ, வேட்பாளரின் சம்மதமோ, யாருடைய நிதியோ பெறாமல், சொந்த ஆசையின் பேரில்' என்று அதில் வருகிறது. அந்த 'சொந்த ஆசையின் பேரில்' என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. முத்திரையை அவளே குத்தினாள். பெற்றுக்கொண்டேன் என்று நான் கீழே கையெழுத்துப் போட்டேன். எங்கே போட வேண்டும் என்று விரலால் காட்டினாள்.

மேல்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் ஒரு பிரதியும் எழுதி வாங்கியிருக்கிறாள். இரண்டும் உள்ளே.

பேனரை நானே ஏணி போட்டு இறக்கினேன். முப்பது முகங்களில் பாதிப் பேர் வந்து வேடிக்கை பார்த்தார்கள். சின்னப்பையன் மாமாவிடம் அமெரிக்காவில் உங்கள் மூஞ்சியைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார்கள் என்றேன். "நல்லா தெரியுதாமா?" என்று கேட்டார்.

நல்ல கனமான ஃப்ளெக்ஸ், வீணாக்க மனசு வரவில்லை. மாட்டுக் கொட்டகைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, மேலே விரித்துக் கட்டிவிட்டேன். உன் முகம் உள்பக்கமாக இருக்கிறது. மாடு படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் நீ கும்பிடுகிறாய். என் முகம் ஓரத்தில் மடிந்துவிட்டது.

நீ விலகக் கூடாது. இது அண்ணன் சொல்வது இல்லை, நோட்டீஸ் வாங்கிய குற்றவாளி சொல்வது. உனக்குச் சம்பளம் உண்டா, கார் உண்டா என்று ஊரில் கேட்கிறார்கள். ஒன்றும் கிடையாது என்று சொன்னதும் எல்லோரும் உன்மேல் சந்தேகப்படுகிறார்கள். அதையும் சமாளித்துக்கொள்கிறேன்.

அன்பு அண்ணன்,
வீரபத்திரன்

*

நியூஜெர்சி
21.10.2023

அன்புள்ள அண்ணா,

கூட்டம் முடிந்தது. நான் விலகவில்லை.

இரண்டாவது கேள்வியே பேனர்தான். அண்ணியின் நோட்டீஸை எடுத்து வாசித்தேன். கணவருக்கு மனைவி கொடுத்த நோட்டீஸ் என்று புரிந்ததும் முன்வரிசையில் ஒரு வயதான அம்மா கைதட்ட ஆரம்பித்தார். 'சொந்த ஆசையின் பேரில்' என்ற இடத்தில் கூட்டம் முழுக்கச் சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது, அண்ணா. இதில் நானும் சிரித்தேன்.

அப்புறம் எழுதி வைத்திருந்த பதிலை விட்டுவிட்டு, எங்கள் ஊரில் காதுகுத்துக்கும் பேனர் வைப்போம், இறந்துபோனாலும் வைப்போம், பாசம் எவ்வளவோ அவ்வளவு பெரிதாக வைப்போம் என்று சொன்னேன். அந்தப் பெரிய முகம் யார் என்று கேட்டார்கள். "என் அண்ணன். அவரும் ஒரு தேர்தலில் நின்றவர். பதினேழு ஓட்டில் தோற்றார். அவரைப் பத்திரிகையில் சொல்ல விட்டுப்போனது. இப்போது சொல்லிவிட்டேன்," என்றேன். உள்ளூர்ப் பத்திரிகையில் அது வந்திருக்கிறது. கத்தரித்து வைத்திருக்கிறேன், உன் பெயரில் ஓர் எழுத்து குறைகிறது, கண்டுகொள்ளாதே.

புகார் எழுதியவரே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

கூட்டம் முடிந்து கார் நிறுத்தத்தில் கரோலின் ஹாலோவே என் பின்னாலேயே வந்தார். பேனர் படத்தை இன்னொரு தடவை காட்டச் சொன்னார். ரொம்ப நேரம் பார்த்தார். "என் குடும்பத்தில் இத்தனை பேர் பதவியில் இருந்தார்கள். எனக்காக ஒருவர்கூட ஏணியில் ஏறியதில்லை," என்றார். ஊறுகாய் பாட்டில் ஒன்று காரில் இருந்தது, கொடுத்தேன்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் கடிதமே எழுது. கடிதத்தில் நீ குட்மார்னிங் படம் அனுப்ப முடியாது.

உன் தங்கை,
சத்யா

*

நியூஜெர்சி
10.11.2023

அண்ணா,

தோற்றுவிட்டேன். எனக்கு இரண்டாயிரத்து நூற்று நாற்பது. கரோலினுக்கு மூவாயிரத்துக்கு மேல்.

ஜீவிதா போனில் சொல்லியிருப்பாள். நீ மூன்று தடவை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன் என்று எடுக்கவில்லை.

மூன்று நாளாக வெளியே போகவில்லை. பால் வாங்கக்கூட வரதராஜன்தான் போகிறார். கடைக்குப் போனால் யார் முகத்தைப் பார்ப்பது? ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, இவர் எனக்குப் போடவில்லை, இவரும் போடவில்லை என்று நினைக்கத் தோன்றுகிறது. எல்லாரும் நான் வீடு வீடாகப் போய்ப் பார்த்தவர்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தவர்கள். அந்தப் பிள்ளைகள் இந்தப் பனிக்கும் நடந்துதான் போகப் போகிறார்கள்.

உன்னை ஒன்று கேட்கிறேன். 2011இல் மறுநாள் நீ எப்படித் தெருவில் இறங்கினாய்? உன்னுடையது பதினேழு ஓட்டு. அதைத் தோல்வி என்றுகூடச் சொல்ல முடியாது. என்னுடையது கிட்டத்தட்ட ஆயிரம். இருந்தாலும் இதைக் கேட்க நம் வீட்டில் உன்னை விட்டால் ஆள் இல்லை. அப்பாவும் தோற்றதில்லை, அண்ணியும் தோற்றதில்லை.

சத்யா

*

காஞ்சிபுரம்
26.11.2023

என் அன்புத் தங்கை சத்யாவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். கடைசியில் உண்மையைச் சொன்னால்தான் பேனா ஓடும் போலிருக்கிறது.

நான் பதினேழு ஓட்டு வித்தியாசத்தில் தோற்கவில்லை, சத்யா. நான் வாங்கியதே பதினேழு ஓட்டுதான்.

ஜெயித்தவர் எண்ணூற்றுச் சொச்சம். ஓட்டு எண்ணுகிற இடத்தில் என் ஓட்டுச் சீட்டுகளைக் கட்ட ரப்பர் பேண்டுகூடத் தேவைப்படவில்லை. அன்றைக்கு அப்பாதான் உனக்கு போன் செய்தார். "வெறும் பதினேழு ஓட்டு வித்தியாசம்மா, கெட்ட நேரம்," என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பத்து வருஷம் தலைவராக இருந்த மனிதர், யாருக்காகவும் பொய் சொல்லாதவர், எனக்காக ஒன்று சொன்னார். அதை எப்படித் திருத்துவது? அப்படியே அது நம் வீட்டு வரலாறு ஆகிவிட்டது. உன் புண்ணியத்தில் அமெரிக்கப் பத்திரிகையிலும் வந்துவிட்டது.

மறுநாள் எப்படித் தெருவில் இறங்கினேன் என்று கேட்டாய். இரண்டு நாள் இறங்கவில்லை. மூன்றாம் நாள் பீடி வாங்கப் போனேன், அப்போது பீடி குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே வருகிறவனை எல்லாம் முறைக்க வேண்டும் என்றுதான் போனேன். அப்புறம் ஒரு கணக்குப் போட்டேன். பதினேழில் நான் ஒன்று. அப்பா, அம்மா, உன் அண்ணி. நாலு. மிச்சம் பதின்மூன்று பேர் யார்? நம் பங்காளி வீடுகளிலேயே இருபத்து மூன்று ஓட்டு இருக்கிறது, அதுவே முழுசாக விழவில்லை, அதனால் அந்த வழியில் யோசித்துப் பயனில்லை. யாரோ பதின்மூன்று பேர், நான் கேட்காமலே, ஜெயிக்க மாட்டேன் என்று தெரிந்தும், பூட்டுச் சாவியில் குத்தியிருக்கிறார்கள். இந்த ஊரில்தான் நடமாடுகிறார்கள். யார் என்று சொல்லவும் மாட்டார்கள்.

எதிரே ஒருத்தர் வந்தார். இவராக இருக்கலாமோ என்று தோன்றியது. வணக்கம் வைத்தேன். அடுத்தவரும் இருக்கலாம். அவருக்கும் வைத்தேன். சத்யா, பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். வீரபத்திரன் எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறவன் என்று ஊரில் பேர். நான் என் பதின்மூன்று பேரைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். உன் அண்ணி நின்றபோது அந்தச் சிரிப்பில் கொஞ்சம் ஓட்டாக மாறியது என்று நான் சொல்வேன், அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

உனக்கு இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள். பால் வாங்க நீயே போ. எதிரே வருகிற ஒவ்வொருத்தரையும் அவர்களில் ஒருவராக நினைத்துச் சிரி. எனக்கு இருந்ததைவிட உனக்குச் சரியாக அமைய வாய்ப்பு ரொம்ப ரொம்ப அதிகம். அந்தப் பிள்ளைகளோடு பனியில் ஒரு நாள் நீயும் நடந்து போ. படம் எடுக்க வேண்டாம், சும்மா நட. அப்பா துண்டை விரித்து உட்கார்ந்தபோது அவர் தலைவர் இல்லை, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அதற்கு அடுத்த வருஷம்தான் நின்றார்.

தைரியம் போகும்போது நான் பிடித்துக்கொள்வது ஒன்று உண்டு. பதினேழு என்று மைக்கில் அறிவித்ததும் கூட்டத்தில் உன் அண்ணி முகத்தைத் தேடினேன். அழாமல் நின்றாள். ஊரே கைவிட்டாலும் அவள் ஓட்டு எனக்கு விழுந்தது என்று நினைத்ததும் கால் தரையில் ஊன்றியது. உனக்கு மாப்பிள்ளை ஓட்டு இருக்கிறது. அங்கிருந்து எண்ண ஆரம்பி.

அடுத்த தேர்தலுக்குக் கேட்காமல் பேனர் வைக்க மாட்டேன். அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறேன், தலைவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

என்றும் உன்
அண்ணன் வீரபத்திரன்

சத்யா, அண்ணி எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார், உறை ஒட்டவில்லை, படித்துவிட்டேன். அவர் சொன்னபடியே செய், நல்லதுதான் சொல்லியிருக்கிறார். இதை மட்டும் அவரிடம் சொல்லாதே. அந்தப் பதினேழில் என் ஓட்டு இல்லை. நம் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போடுகிறேன் என்று சொன்னவருக்குப் போட்டேன். போட்டுக் கொடுத்தார். இன்றைக்கும் தண்ணீர் வருகிறது.